00:25 வண்டி எந்த ராத்திரி வண்டி? 24 மணிக் கணக்கு பழகியவர்கள் வழி சொல்லுங்கள்

விழுப்புரத்தான் | 21:52

எல்லோருக்கும் வணக்கம். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு விழுப்புரத்தில் இருந்து திருநெல்வேலிக்கு ஸ்லீப்பரில் டிக்கெட் போட்டிருந்தேன், சித்தி பேத்திக்குக் காது குத்து. டிக்கெட்டில் 13-ஆம் தேதி, 00:25 என்று இருந்தது. அதை நான் "13-ஆம் தேதி ராத்திரி பன்னிரண்டரை மணி வண்டி" என்று படித்தேன். அம்மாவிடம் அப்படியே சொன்னேன், அம்மா சித்தியிடம் அப்படியே சொன்னார், சித்தி ஊருக்கே சொல்லிவிட்டார். 13-ஆம் தேதி ராத்திரி பதினொன்றே முக்காலுக்கெல்லாம் இரண்டு பை, ஒரு தூக்கு நிறைய புளியோதரை சகிதம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டோம். தினமும் ஓடுகிற வண்டி என்பதால் போர்டில் அதே நம்பர், அதே பெயர், நேரமும் சரி. வண்டி வந்தது, ஏறினோம். அம்மாவின் லோயர் பெர்த்தில் ஒரு பெரியவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குகிறார். நான் அவரை எழுப்பி, "ஐயா இது எங்க சீட்டு" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லி, அவர் பாவம் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேட, அதற்குள் டிடிஆர் வந்து என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்க வண்டி நேத்தே போயிடுச்சே" என்றார். வண்டி நகர்வதற்குள் அம்மாவையும் பைகளையும் இறக்கியது தனிக் கதை.

தப்பு என்னுடையதுதான், ரயில்வேயைக் குறை சொல்லவில்லை. ஆனால் இப்போது பிரச்சினை அதோடு நிற்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், ஷிப்ட் அட்டவணை முழுக்க 24 மணிக் கணக்கில்தான் வருகிறது. 06:00–14:00, 14:00–22:00, 22:00–06:00. ஒவ்வொரு முறையும் மனதுக்குள் 12-ஐக் கழித்துப் பார்க்கிறேன், அதிலும் அவசரத்தில் 17:00 என்றால் கண் அந்த 7-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு ஏழு மணி என்று சொல்லிவிடுகிறது. போன வாரம் சூப்பர்வைசர் 17:30-க்கு மீட்டிங் என்று போட, நான் ஏழரைக்குப் போய் நின்றேன். விளக்கு அணைத்துவிட்டு எல்லோரும் போயிருந்தார்கள்.

ராணுவத்தில் இருப்பவர்கள், ரயில்வேக்காரர்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் எல்லாம் இதைக் கணக்கே போடாமல் படிக்கிறார்களே, எப்படிப் பழகினீர்கள்? எனக்குக் கழித்தல் வாய்ப்பாடு வேண்டாம், அது தெரியும். பார்த்தவுடன் மண்டையில் உறைக்க வேண்டும், அதற்கு வழி சொல்லுங்கள்.


பழைய சிப்பாய் | 22:10

தம்பி, கழிக்கிற வரைக்கும் வராது. அதுதான் முதல் விஷயம்.

நான் வேலூர் மாவட்டம், 17 வருஷம் சர்வீஸ் போட்டு வந்தவன். ட்ரெய்னிங் சென்டரில் சேர்ந்த புதிதில் எனக்கும் இதே கதைதான். எங்கள் உஸ்தாத் எந்த நேரத்திலும் யாரையும் நிறுத்தி டைம் கேட்பார். "அஞ்சே கால் சார்" என்று சொன்னால் அங்கேயே ப்ரண்ட் ரோல். "ஒன் செவன் ஒன் ஃபைவ் ஹவர்ஸ்" என்று சொல்லும் வரைக்கும் உருள வேண்டியதுதான். முழங்கை தோல் போனதும் கணக்கு தானாக வந்துவிட்டது. உனக்கு அந்த வசதி இல்லை, அதனால் வேறு வழி சொல்கிறேன்.

நாங்கள் யாரும் 1630 என்றால் நாலரை என்று மொழிபெயர்த்துக்கொள்வது கிடையாது. 1630 என்றால் கேம்ஸ் பரேடு. ஷூ மாட்டு, கிரவுண்டுக்கு ஓடு. 1830 ரோல் கால். 2200 லைட் அவுட். எண்ணைப் பார்த்தால் செய்ய வேண்டிய வேலை ஞாபகம் வரும், பழைய மணி ஞாபகம் வராது. நீயும் உன் நாளில் அஞ்சாறு நேரத்துக்கு இப்படி ஆணி அடித்துக்கொள். கம்பெனி பஸ் வரும் நேரம், சாப்பாட்டு மணி, வீட்டில் விளக்கு வைக்கிற நேரம். நம் ஊரில் வருஷம் முழுக்க சூரியன் 18 மணிக்கு அரை மணி, முக்கால் மணி முன்னே பின்னேதான் மறைகிறது, அதனால் 18 என்றால் விளக்கு வைக்கும் நேரம் என்று வைத்துக்கொண்டால் 17 அதற்கு முந்தினது, 19 அதற்குப் பிந்தினது, முடிந்தது கணக்கு. 17-ஐ ஏழு என்று எப்படிப் படிப்பாய்? ஏழு மணிக்கு விளக்கு வைத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்குமே.

எழுதுகிற முறையிலும் ஒரு வித்தியாசம் உண்டு. உன் டிக்கெட்டில் 00:25 என்று நடுவில் இரண்டு புள்ளி இருக்கும். நாங்கள் புள்ளி வைக்க மாட்டோம், 0025 என்று நாலு இலக்கமாகவே எழுதுவோம், முன்னால் இருக்கும் சைபரையும் விட மாட்டோம். ரேடியோ செட்டில் கரகரவென்று சத்தம் வரும்போது காலையா மாலையா என்ற ஒற்றைச் சொல் காதில் விழாமல் போய்விடலாம், நாலு இலக்கத்தில் ஒன்று குறைந்தால் உடனே தெரிந்துவிடும், திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

நடு ராத்திரிக்கு ஒரு தந்திரம். எங்கள் ஆபீசில் ஆர்டர் எழுதுகிற ஹவல்தார் ஒருவர் 0000 என்றும் எழுத மாட்டார், 2400 என்றும் எழுத மாட்டார். 2359 அல்லது 0001. ஒரு நிமிஷம் போனால் போகட்டும், தேதி சந்தேகம் இல்லாமல் போகும் என்பார்.


தூங்கா விளக்கு | 22:31

மேலே ஐயா சொன்ன கடைசி விஷயம் ஆஸ்பத்திரிக்கும் அப்படியே பொருந்தும். நான் ஸ்டாஃப் நர்ஸ், பதினொரு வருஷ சர்வீஸ், அதில் பாதி நைட் டியூட்டி.

உங்கள் ரயில் கதை மாதிரி எங்களிடம் வாரத்துக்கு ஒன்று நடக்கும். பல வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், செவ்வாய்க்கிழமை காலையில் ஆபரேஷன் உள்ள ஒருவரிடம் "செவ்வாய்க்கிழமை 12 மணியில இருந்து ஒண்ணும் சாப்பிடக் கூடாது" என்று யாரோ சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொன்னவர் நினைத்தது திங்கள் ராத்திரி முடிகிற 12. கேட்டவர் நினைத்தது செவ்வாய் மத்தியானம் 12. மனுஷன் காலையில் நாலு இட்லி, வடை, காபி எல்லாம் முடித்துவிட்டு, "மத்தியானம்தானே மேடம் பட்டினி?" என்று சிரித்த முகமாக வந்து நிற்கிறார். மயக்க மருந்து டாக்டர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்றைக்கு ஆபரேஷன் தள்ளிப் போனது. அன்றிலிருந்து நான் நோயாளிகளிடம் மணியே சொல்வது கிடையாது, "திங்கக்கிழமை ராத்திரி சாப்பாட்டோட நிறுத்திக்கோங்க, செவ்வாக்கிழமை காலையில காபி கூடக் கிடையாது, தண்ணி எப்ப வரைக்கும்னு நான் போன் பண்ணிச் சொல்றேன்" என்றுதான் சொல்வேன். சார்ட்டில் மட்டும் 24 மணிக் கணக்கு.

அதனால் என் அனுபவம் இதுதான்: 13-இல் இருந்து 23 வரை யாரும் பெரிதாகத் தப்பு செய்வதில்லை, செய்தாலும் உங்களை மாதிரி ஒரு மீட்டிங் போகும். ஆபத்து எல்லாம் பன்னிரண்டைச் சுற்றித்தான். 12 ஏஎம் என்றால் மத்தியானமா ராத்திரியா என்று படித்தவர்களே தடுமாறுவார்கள், அது ராத்திரி. 12 பிஎம்தான் மத்தியானம். 24 மணிக் கணக்கில் மத்தியானம் 12:00, ராத்திரி 00:00, இரண்டும் வேறு வேறு முகம், குழப்பமே இல்லை. இதற்காகவே பழகலாம்.

எனக்குப் பழக்கம் வந்தது நைட் டியூட்டியில்தான். 20:00-க்கு உள்ளே போனால் 08:00-க்கு வெளியே வருவேன், தேதி மாறுவது என் டியூட்டியின் நடுவில். அப்போது எங்கள் வார்டில் ராத்திரி எழுதுவது எல்லாம் சிவப்பு மை. நான் கூடவே 23:59 தாண்டியதும் நோட்டில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு, அடியில் புதுத் தேதியைப் பெரிதாக எழுதிவிட்டுத்தான் அடுத்த பேஷண்டிடம் போவேன். சின்ன வேலைதான், ஆனால் அந்தக் கோடு போடும்போது ஒரு நாள் முடிந்து இன்னொரு நாள் தொடங்குகிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். நீங்களும் 22:00–06:00 ஷிப்ட்டில் இருக்கும்போது இதைச் செய்து பாருங்கள்.


கொட்டாவி | 22:38

அந்தப் பெரியவர்தான் பாவம். அவரிடம் மன்னிப்புக் கேட்டீர்களா இல்லையா?


விழுப்புரத்தான் | 22:44

@கொட்டாவி கேட்டேன் சார், வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகக் கேட்டேன். "பரவால்ல தம்பி, எனக்கும் ஒரு தடவை இப்படி ஆச்சு" என்றார். நிஜமாகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா தெரியவில்லை.

@பழைய சிப்பாய் ஐயா, அந்த 18 விளக்கு விஷயம் நன்றாக இருக்கிறது. ப்ரண்ட் ரோல் வேண்டாம்.

@தூங்கா விளக்கு அக்கா, ஷிப்ட்டில் இன்னொரு குழப்பம். சனிக்கிழமை 22:00 ஷிப்ட் ஞாயிறு 06:00-க்கு முடிகிறது. ஞாயிறு வீக் ஆஃப். அப்படியென்றால் நான் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் வேலை பார்த்துவிட்டேனே, அது லீவா வேலையா?


தூங்கா விளக்கு | 22:49

எங்கள் இடத்தில் ஷிப்ட் எந்தத் தேதியில் தொடங்குகிறதோ அந்தத் தேதிக் கணக்கு. அப்படிப் பார்த்தால் சனிக்கிழமை ஷிப்ட் சனிக்கிழமையோடது. ஆனால் உங்கள் கம்பெனியில் எப்படி என்று எச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். லீவு கணக்கில் போன பிறகு சண்டை போடுவதற்கு இது பரவாயில்லை.


நாழிகை | 23:05

நான் கொஞ்சம் எதிர்க்கட்சி.

முதலில், பேச்சுத் தமிழுக்கு 24 மணிக் கணக்கு தேவையே இல்லை. இங்கிலீஷ்காரனுக்கு ஏஎம், பிஎம் என்று இரண்டே வால். நாம் யாராவது வாயால் "ஏழு மணி பிஎம்" என்று சொல்கிறோமா? விடியற்காலை நாலு, காலை எட்டு, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் அஞ்சு, ராத்திரி ஒன்பது. வேளையைச் சொல்லித்தான் மணியைச் சொல்வோம், அதில் குழப்பம் எங்கே? அதனால் வீட்டில் போய் "அம்மா, பதினெட்டு மணிக்கு டீ போடு" என்று சொல்லி அடி வாங்காதீர்கள். எழுத்துக்கும் டிக்கெட்டுக்கும் அது இருக்கட்டும், வாய்க்கு இது இருக்கட்டும்.

இரண்டாவது, நாள் முழுவதையும் ஒரே நீட்டாக எண்ணுவது ஒன்றும் பட்டாளத்துக்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. நம் கணக்கில் ஒரு நாளைக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம், இரண்டரை நாழிகை சேர்ந்தால் ஒரு மணி. பகலுக்கு ஒரு தரம், ராத்திரிக்கு ஒரு தரம் என்று திரும்ப ஒன்றில் இருந்து எண்ணாமல், உதயத்தில் இருந்து அடுத்த உதயம் வரை எண்ணிக்கொண்டே போகலாம். உதயாதி நாழிகை என்று ஜாதகத்தில் எழுதியிருப்பது அதுதான்.

மூன்றாவதுதான் முக்கியம், இதற்காகத்தான் எழுத வந்தேன். விழுப்புரத்தான் செய்ததைத் தப்பு என்று எல்லோரும் சொல்கிறீர்கள், அவரே சொல்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. நம் பேச்சில் தேதி ராத்திரி பன்னிரண்டுக்கு மாறுவதே கிடையாது. விடிந்தால்தான் மாறும். பஞ்சாங்கமும் அப்படித்தான், வாரம் சூரிய உதயத்தில்தான் பிறக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு நாய் குரைத்தது என்று ஒருவர் சொன்னால் அது காலண்டர் கணக்கில் சனிக்கிழமை, ஆனால் கேட்கிற யாருக்கும் சந்தேகம் வராது. சிவராத்திரிக்கு நாலு கால பூஜை பார்க்கிறோம், முதல் காலம் ஒரு தேதி, நாலாவது காலம் இன்னொரு தேதி, யாராவது அதை இரண்டு ராத்திரி என்று சொல்வார்களா? விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரி சர்டிபிகேட்டில் ஒரு கிழமை, ஜாதகத்தில் முந்தின கிழமை. என் அண்ணன் மகள் அப்படித்தான், சர்டிபிகேட்டில் புதன், ஜாதகத்தில் செவ்வாய். பள்ளிக்கூடத்தில் கிழமை கேட்டால் அவள் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

ஆக "13 ராத்திரி பன்னிரண்டரை" என்று அவர் படித்தது, நம் நாக்குக்குச் சரியான படிப்பு. ரயில்வே காகிதம் வேறு இடத்தில் நாளை வெட்டுகிறது. பழக வேண்டியது அந்த வெட்டு எங்கே விழுகிறது என்பதைத்தான், 17-க்கும் 19-க்கும் உள்ள வித்தியாசத்தை அல்ல.


ஜன்னல் சீட் | 23:21

நாழிகை சொன்னதோடு ஒத்துப்போகிறேன், அதே இடத்தில் இருந்து ரயில் விஷயத்தைத் தொடர்கிறேன். ரயில் பைத்தியம் என்று வீட்டில் பெயர் எனக்கு, மாதம் நாலு ராத்திரியாவது பெர்த்தில்தான்.

இது விழுப்புரத்துக்காரர்களுக்கும் திருச்சிக்காரர்களுக்கும்தான் அதிகம் நடக்கும். எழும்பூரில் இருந்து தெற்கே போகிற ராத்திரி வண்டிகளில் சென்னைக்காரர் ஏறும்போது 12-ஆம் தேதி, மணியும் 20, 21, 22 என்று இருக்கும், அவருக்குக் குழப்பமே இல்லை. அதே வண்டி உங்கள் ஊருக்கு வரும்போது 13 பிறந்துவிடுகிறது. டிக்கெட்டை உற்றுப் பாருங்கள், வண்டி அதன் முதல் ஸ்டேஷனில் கிளம்புகிற தேதி ஓர் இடத்திலும் நீங்கள் ஏறுகிற தேதி இன்னோர் இடத்திலும் அச்சாகியிருக்கும். இரண்டும் வேறு தேதியாக இருந்தால், நடுவில் ராத்திரி பன்னிரண்டு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். நான் டிக்கெட் வந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான், பெர்த் நம்பரைக்கூட அப்புறம்தான்.

தட்காலில் இது இன்னும் மோசமாகக் கடிக்கும். தட்கால் ஒரு நாள் முன்னால் திறக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், ஏசிக்குக் காலை 10 மணி, மற்றதுக்கு 11 மணி. ஆனால் அந்த ஒரு நாள், வண்டி முதல் ஸ்டேஷனில் கிளம்புகிற தேதிக்கு முந்தின நாள். உங்கள் 13-ஆம் தேதி 00:25 வண்டி எழும்பூரில் 12-ஆம் தேதி கிளம்புகிறது, அதனால் தட்கால் 11-ஆம் தேதியே. 12-ஆம் தேதி காலை 11 மணிக்கு உட்கார்ந்து விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்து ஒரு நாள் ஆகியிருக்கும்.

வீட்டுக்கு ஒரு முறை சொல்கிறேன், என் அம்மாவுக்காகக் கண்டுபிடித்தது. எங்கள் வீட்டில் தினசரி காலண்டர், அம்மா காலையில் குளித்துவிட்டு வந்துதான் தாளைக் கிழிப்பார். அதாவது அம்மாவின் கணக்கில் தேதி மாறுவது காலை ஆறரைக்கு, கிழிக்கும்போது. அவரிடம் போய் 00:25 பற்றிப் பாடம் எடுத்தால் வேலைக்கு ஆகாது. அதனால் 00:00 முதல் 04:00 வரைக்கும் எந்த வண்டியாக இருந்தாலும், ஒரு தாள் முன்னால் போய் பென்சிலில் எழுதிவிடுவேன். உங்கள் வண்டியென்றால் 12-ஆம் தேதித் தாளில், ராகு காலத்துக்குப் பக்கத்தில், "ராத்திரி சாப்பிட்டுட்டு ஸ்டேஷன்". 13-ஆம் தேதித் தாளில் ஒன்றும் எழுத மாட்டேன். இதுவரை ஒரு வண்டியும் தப்பவில்லை.

ஒன்று சொல்லட்டுமா, உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். சாண்ட்ஃபோர்டு ஃபிளெமிங் என்று ஒரு கனடா ரயில்வே இன்ஜினியர், 1876-இல் அயர்லாந்தில் ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டியைக் கோட்டை விட்டார். காலை வண்டிக்கு அட்டவணையில் மாலை என்று தப்பாக அச்சாகியிருந்தது, ஏஎம் இருக்க வேண்டிய இடத்தில் பிஎம். ராத்திரி முழுக்க அந்த ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தவர், அதன் பிறகு இந்த 24 மணிக் கணக்குக்காகவும் உலகம் முழுவதற்கும் பொதுவான நேரத்துக்காகவும் வருஷக்கணக்கில் வாதாடினார். 1884-இல் வாஷிங்டனில் கிரீன்விச்சை ஆதாரமாக வைத்து முடிவெடுத்த மாநாட்டில் அவரும் இருந்தார். விழுப்புரத்தில் உட்கார்ந்திருந்த உங்களிடம் நாங்கள் அவ்வளவெல்லாம் எதிர்பார்க்கவில்லை.


பனிக்கால வேலை | 23:40

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப ஜெர்மனியில் இருபத்திரண்டு வருசம். இங்கே எல்லாமே 24 மணிக் கணக்குத்தான், கடைக் கதவில் இருந்து டொக்டர் அப்பொயின்ட்மென்ட் வரைக்கும். ஊரில் மு.ப., பி.ப. என்று எழுதிப் படித்த எனக்கு ஒரு மாதத்தில் பழகிவிட்டது. பழகாமல் போனது வேறு ஒன்று, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இவர்கள் எழுதுவது 15:30. ரயில் நிலைய அறிவிப்பிலும் பதினைந்து மணி முப்பது என்றுதான் சொல்வார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வாயால் சொல்வது "ஹால்ப் ஃபியர்". சொல்லுக்குச் சொல் பார்த்தால் அரை நாலு. நான் அதை நாலரை என்று எடுத்தேன். இல்லையாம், நாலை நோக்கிப் பாதி வழி, அதாவது மூன்றரை. வந்த முதல் வருசம் வேலைக்கான நேர்முகம் ஒன்றுக்கு ஒரு மணித்தியாலம் பிந்திப் போனேன், அந்த வேலை கிடைக்கவில்லை. ஆகவே நாழிகை சொன்னது சரி. முழு நாடும் 24-இல் எழுதினாலும் வாய் பழைய 12-இல்தான் பேசுகிறது.

தம்பிக்கு ஒரு யோசனை. பாதி பாதியாக மாற்றாதீர்கள். என் மனைவி போனை மாற்றிவிட்டு, குசினி மணிக்கூட்டை மாற்றாமல் விட்டிருந்தார், ஒன்றைப் பார்த்து மற்றதற்கு மாற்றிக்கொண்டே இருந்ததில் வருசக்கணக்காகக் கழித்துக்கொண்டே இருந்தார். போன், கைக்கடிகாரம், கணினி, மைக்ரோவேவ் என்று நேரம் காட்டும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். முள் உள்ள சுவர் மணிக்கூடு மட்டும் இருக்கலாம், அது எண்ணாகப் பேசுவதில்லை, படமாகத்தான் பேசுகிறது.

இன்னொன்று, 24 மணிக் கணக்கு எல்லாவற்றையும் தீர்க்காது. இங்கே ஒக்டோபர் கடைசி ஞாயிறு விடிய 3 மணிக்கு மணிக்கூட்டை 2-க்குத் திருப்புவார்கள். அன்றைக்கு 02:30 இரண்டு தடவை வரும். இரவு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு மணித்தியாலம் கூட. அதையும் எழுதி வைத்துக்கொள்ள நாங்கள் பழகிவிட்டோம்.


பழைய சிப்பாய் | 23:52

@பனிக்கால வேலை அந்தக் குழப்பத்துக்காகத்தான் விமானப்படை, கடற்படை எல்லாம் ஜூலு நேரம் வைத்திருக்கிறார்கள். கிரீன்விச் நேரத்துக்கு இசட் எழுத்து, ரேடியோவில் இசட்டுக்கு ஜூலு. நமக்குக் காலை 0530 ஆகும்போது அங்கே 0000 ஜூலு. கோடைக்காலம் குளிர்காலம் எதற்கும் அது அசையாது. வேடிக்கை என்னவென்றால் அந்த எழுத்து வரிசையில் ஐ எழுத்துக்கு ரேடியோ பெயர் "இந்தியா", ஆனால் இந்தியா நேரம் என்றால் நம் நேரம் கிடையாது, கிரீன்விச்சுக்கு ஒன்பது மணி நேரம் முன்னால், ஜப்பான் கடிகாரம். எங்கள் கிளாஸில் இதைக் கேட்டு ஒருத்தன் சிரித்துவிட்டான். ப்ரண்ட் ரோல்.

தம்பி, கையில் என்ன கடிகாரம் கட்டியிருக்கிறாய்?


விழுப்புரத்தான் | 00:03

ஐயா, அப்பா கட்டியிருந்த கேசியோ எஃப்-91டபிள்யூ. இப்போதுதான் வலது பக்க பட்டனை ஒரு முறை அழுத்திப் பார்த்தேன், 24 மணிக்கு மாறிவிட்டது, இத்தனை வருஷம் கையில் கட்டிக்கொண்டு இது தெரியாமல் இருந்திருக்கிறேன். போனில் செட்டிங்ஸ் போய் தேதி, நேரம் என்ற இடத்தில் 24 மணி என்பதை ஆன் செய்துவிட்டேன், லேப்டாப்பும் ஆயிற்று. அலாரத்தைப் பார்த்தால் காலை 5 மணிக்கு என்று நினைத்து வைத்த ஒன்று 17:00 என்று காட்டுகிறது. போன திங்கட்கிழமை ஏன் அடிக்கவில்லை என்று இப்போது புரிகிறது, அடித்திருக்கிறது, சாயங்காலம்.

அப்புறம் ஜன்னல் சீட் சொன்ன மாதிரி டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். 12 என்றும் இருக்கிறது, 13 என்றும் இருக்கிறது, இரண்டும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. அம்மாவிடம் நாழிகை எழுதியதை வாசித்துக் காட்டினேன். "அப்போ நான் சொன்னது சரிதானே" என்கிறார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன், ஆனால் இருக்கட்டும்.


கொட்டாவி | 00:07

எல்லாம் சரி. அந்தப் புளியோதரை என்ன ஆச்சு?


விழுப்புரத்தான் | 00:11

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து நானும் அம்மாவும் ஆளுக்கு ஒரு கை சாப்பிட்டோம். டீ கொண்டு வந்தவருக்கு அம்மா ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார், அவர் டீக்குக் காசு வாங்கவில்லை. விடியற்காலை பஸ்ஸில் அம்மாவை ஏற்றி அனுப்பினேன், காது குத்து முடிந்து சாப்பாட்டுப் பந்திக்குப் போய்ச் சேர்ந்தார். மீதி புளியோதரை திருநெல்வேலி வரைக்கும் போனது, கெடவில்லையாம். சித்தி மட்டும் இன்னும் போனில் "என்னப்பா, இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சையே தொடங்குகிறார்.